தொட்டிலுக்கு வேலி

எங்கள் வீட்டுக் கூடத்தின் நடு விட்டத்தில் ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. அஃது என் பாட்டனார் காலத்தில் அடித்தது. குழந்தை பிறந்தால், அந்த வளையத்தில் கயிற்றைக் கட்டி, பழைய புடைவையைத் தொட்டிலாகத் தொங்கவிடுவது எங்கள் வழக்கம். என் தந்தையார் அதில் உறங்கினார், நான் உறங்கினேன், என் மக்களும் உறங்கினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் வீட்டைப் பழுது பார்த்தபோது, “இந்தத் துருப்பிடித்த வளையம் எதற்கு? அறுத்துவிடலாமே” என்றார் கொத்தனார். நான் இசையவில்லை. இன்று அதே வளையத்தில் கட்டிய தொட்டிலில் என் மகள் வயிற்றுப் பேத்தி உறங்குகிறாள். அவளுக்கு வயது ஐந்து மாதம்.

தொட்டிலை ஆட்டும்போதெல்லாம் என் உள்ளம் மகிழ்கிறது. அம்மகிழ்ச்சியின் பின்னே ஒரு பழைய துயரமும் நிழல்போல் வருகிறது. அதனை நான் நெடுங்காலம் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்வதால் சில குழந்தைகளுக்கேனும் நன்மை உண்டாகும் என்று இப்போது தோன்றுகிறது. ஆதலால் சொல்கிறேன்.

1966ஆம் ஆண்டு, மாசி மாதம். அப்போது நான் ஆறாம் வகுப்பு மாணவன். எனக்குப் பக்கத்தில் அமரும் தோழன் இரண்டு நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. அவன் வீட்டு வாயிலில் வேப்பிலை செருகியிருப்பதாக மற்றப் பிள்ளைகள் கூறினார்கள். நான் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. ஏறக்குறையப் பத்து நாள் கழித்து எனக்குக் காய்ச்சல் வந்தது. மூக்கில் நீர் வடிந்தது; கண்கள் சிவந்தன; இருமலும் சேர்ந்துகொண்டது. “நீர்க்கோவைதான், சுக்குக் கஷாயம் குடித்தால் போய்விடும்” என்றார் பாட்டி.

பள்ளிக்குப் போகாமல் வீட்டிலிருந்த எனக்குப் பொழுது போகவில்லை. எனக்கு ஒரே துணை என் தம்பி. அவனுக்கு அப்போது எட்டு மாதம். தவழத் தொடங்கியிருந்தான். நான் தொட்டிலை ஆட்டினேன். அவனைத் தூக்கி மடியில் வைத்து விளையாட்டுக் காட்டினேன். அவன் என் விரலைப் பற்றி வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் காண்பதற்காகவே நான் மீண்டும் மீண்டும் விரலை நீட்டுவேன்.

நான்காம் நாள் என் காதின் பின்புறத்தில் சிவந்த தடிப்புகள் தோன்றின. அவை முகத்தில் பரவி, பின்னர் உடல் முழுவதும் இறங்கின. பாட்டி என்னைப் பார்த்தார், கைகூப்பினார். அன்றே வாயில் நிலையில் வேப்பிலைக் கொத்து ஏறியது. என்னைத் தனியறையில் படுக்க வைத்தார்கள். தம்பியை என் பக்கம் கொண்டுவரவே இல்லை. சமையலறையில் தாளிப்பு நின்றது. எங்கள் வீட்டார் பிறர் வீட்டுக்குப் போகவில்லை. பிறரும் எங்கள் வாயிலை மிதிக்கவில்லை. எனக்கு நோய் தணிந்தது. வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரைத் தலைக்கு ஊற்றினார்கள். வீட்டார் அனைவரும் ஆறுதல் அடைந்தார்கள்.

அதற்கு மறுநாள் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது.

அவன் உடலிலும் அதே தடிப்புகள் தோன்றின. பின்னர் மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் அவனுடைய விலா எலும்புகளின் இடையே சதை உள்ளே குழிந்தது. அம்மை கண்ட பிள்ளைக்கு மருந்து கொடுக்கலாகாது என்ற எண்ணம் அந்நாளில் வலிமையாக இருந்தது. இரண்டு நாட்கள் அவ்வாறே கழிந்தன. மூன்றாம் நாள் இரவில் தந்தையார் பொறுக்கமாட்டாமல் வண்டியைப் பூட்டினார். எட்டு மைல் தொலைவிலிருந்த நகரத்து மருத்துவமனைக்குத் தம்பியைக் கொண்டுபோனார்கள். நோய் நுரையீரலைப் பற்றிவிட்டது என்றாராம் மருத்துவர். விடியற்காலையில் வண்டி திரும்பியது. என் தாயார் வெறுங்கையோடு இறங்கினார்.

தொட்டிற்கயிறு வளையத்தில் இரண்டு நாட்கள் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் தந்தையார் ஏணி வைத்து ஏறி அதனை அவிழ்த்தார்.

யாரும் என்னைக் குறை கூறவில்லை. என் தாயார் இறுதிவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னர், ஆசிரியப் பணியில் சேர்ந்த காலத்தில், உடல்நல நூல் ஒன்றைப் படித்தேன். தட்டம்மை கண்டவர், தடிப்புத் தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பிருந்தே அதனைப் பிறருக்குப் பரப்புவர் என்று அதில் கண்டிருந்தது. நூலை மூடிவிட்டு நாட்களை விரல்விட்டு எண்ணினேன். நான் தம்பியை மடியில் வைத்து விளையாடிய நாட்கள் அவையே!

நம் முன்னோர் வாயிலில் வேப்பிலை செருகியதில் நல்லறிவு இருந்தது. ‘இவ்வீட்டில் நோய் இருக்கிறது, உள்ளே வராதீர்’ என்று அஃது எழுத்தறியாதவருக்கும் அறிவித்தது. நோயாளியைத் தனியே வைத்ததும் தக்க செயலே. ஆயினும் இந்நோயின் வஞ்சகம் அந்த அறிவையும் வென்றுவிடுகிறது. அடையாளம் தோன்றுமுன்பே அது பரவிவிடுகிறது. எங்கள் வீட்டு வேப்பிலை நான்கு நாட்கள் பிந்தி வந்தது. அவ்வளவுதான் நடந்தது.

தட்டம்மையை மணல்வாரி என்றும் கூறுவர். மனிதரிடையே பரவும் நோய்களுள் இதைப்போல் விரைந்து பரவுவன மிகச் சில. நோயாளி இருமினாலும் தும்மினாலும் கிருமி காற்றில் கலக்கிறது. அவர் எழுந்து போன பின்னரும் இரண்டு மணி நேரம் வரையில் அவ்வறையின் காற்றில் அது தங்கியிருக்கக்கூடும். காப்பு இல்லாதவர் நடுவில் ஒரு நோயாளி இருந்தால், அவரிடமிருந்து பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு நோய் பரவும் என்று அறிஞர் கணக்கிட்டிருக்கின்றனர். நோய் தணிந்த பிறகும் தீமை ஓய்வதில்லை. வேறு நோய்களை எதிர்ப்பதற்கு உடல் முன்பு கற்றிருந்த பாடங்களையும் இது அழித்துவிடுகிறது. சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து மூளையைத் தாக்கி உயிரைக் கவர்வதும் உண்டு. கைக்குழந்தைப் பருவத்தில் இந்நோய் கண்டவர்க்கே அவ்வாறு நேர்வது மிகுதி.

ஒருமுறை தட்டம்மை கண்டவருக்கு மீண்டும் அது வருவதில்லை. இதனை முதன்முதலில் தெளிவாக ஆராய்ந்து காட்டியவர் பானும் என்னும் டேனிஷ் நாட்டு இளம் மருத்துவர். 1846ஆம் ஆண்டு, வட அட்லாண்டிக் கடலிலுள்ள பேரோ தீவுகளில் இந்நோய் புகுந்தது. ஏறக்குறைய 7,800 மக்களில் 6,000 பேருக்கு மேல் நோயுற்றனர். ஆனால், 1781ஆம் ஆண்டில் இளமையில் தட்டம்மை கண்டு பிழைத்திருந்த முதியவர்களை அது தீண்டவில்லை. அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தும் அவர்களுடைய உடல் பழைய பகையை மறக்கவில்லை!

இவ்வாறு உடலில் தோன்றும் காவற்பொருள்களைத் தாய் தன் குழந்தைக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறாள். கருவின் இறுதி மாதங்களில் அவை தாயின் குருதியிலிருந்து குழந்தையின் குருதியைச் சேர்கின்றன. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு இச்செல்வம் குறைவாகவே கிடைக்கிறது. நிறைமாதக் குழந்தைக்கும் இஃது என்றும் நிலைப்பதன்று. மாதந்தோறும் சிறிது சிறிதாகத் தேய்ந்து, சில மாதங்களில் தீர்ந்துவிடுகிறது. தாய்ப்பால் பல நோய்களைத் தடுக்கும் அமுதம். எனினும், தட்டம்மைக்கு அதனை மட்டும் நம்பியிருத்தல் இயலாது.

அப்படியானால் பிறந்தவுடனே ஊசி போட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. தடுப்பூசியில் இருப்பது வலுவிழக்கச் செய்த தட்டம்மைக் கிருமி. அது குழந்தையின் உடலில் சிறிது பெருகினால்தான் உடல் எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். ஆனால், தாய் தந்த காவலர்கள் அதனையும் பகைவன் என்றே கருதி அழித்துவிடுகிறார்கள். பாடம் நடத்த வந்த ஆசிரியரை வாயிற்காவலர் திருப்பி அனுப்பிவிடுவது போன்றது இது. அதனால் நம் நாட்டில் முதல் ஊசியை ஒன்பது மாதம் நிறைந்ததும், இரண்டாம் ஊசியைப் பதினாறு முதல் இருபத்து நான்கு மாதங்களுக்குள்ளும் போடுகிறார்கள். முதல் ஊசியால் காப்புப் பெறாத சிலருக்கு இரண்டாவது காப்பளிக்கிறது. இரண்டும் பெற்றவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் காக்கப்படுகின்றனர்.

தாய் தந்த காவல் தேய்கிறது. ஊசி தரும் காவலுக்கோ இன்னும் நாள் வரவில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மாதங்களில் குழந்தையைக் காப்பவர் யார்? மரக்கன்று நட்டவர் அதற்கு முள்வேலி கட்டுகிறார். மரமானபின் ஆடு வந்தாலும் கவலையில்லை. கன்றாக இருக்கும்வரை வேலிதான் காப்பு. கைக்குழந்தைக்கும் அத்தகைய வேலி வேண்டும். அந்த வேலி அதனைச் சுற்றி வாழும் நாமே. தட்டம்மைக் கிருமிக்கு மனிதனையன்றி வேறு உறைவிடம் இல்லை. ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் காப்புப் பெற்றவராயின், அக்கிருமி ஒருவரிடமிருந்து மற்றொருவரிடம் தாவிச் செல்ல வழியின்றி அழிந்துபோகும். குழந்தையின் தொட்டில் வரை அஃது எட்டாது.

அண்மையில் என் வீட்டில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். என் மகன் வயிற்றுப் பேரன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். பள்ளியிலிருந்து வந்ததும் நேரே தொட்டிலுக்குத்தான் ஓடுவான். ஒரு நாள் மாலை அவ்வாறு ஓடவில்லை. திண்ணையிலேயே நின்றான்.

“ஏன் அங்கேயே நிற்கிறாய்?” என்று கேட்டேன்.

“தாத்தா, என் வகுப்பில் ஒருவனுக்குத் தட்டம்மையாம். நேற்றுவரை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். உள்ளே பாப்பா இருக்கிறாளே! நான் வரலாமா?” என்றான்.

எனக்கு உடனே விடை கூற நா எழவில்லை. இந்த ஒரு கேள்வியை அன்று நான் கேட்டிருக்கலாகாதா? கேட்க எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் விடை கூற எங்கள் வீட்டில் யாருமில்லை.

என் மருமகள் பெட்டியிலிருந்து அவனுடைய தடுப்பூசி அட்டையை எடுத்துவந்தாள். குழந்தைப் பருவத்தில் போட்ட ஊசிகள் அதில் குறிக்கப்பட்டிருந்தன. 2017ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் சேர்த்துப் போட்ட ஊசியையும் அவன் பெற்றிருந்தான். மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். “பையனுக்கு நோய் வருவது அரிது. ஆயினும் மூன்று வாரம் காய்ச்சல் காண்கிறதா என்று கவனியுங்கள். அதுவரை அவன் தொட்டிலிலிருந்து சற்று விலகியே இருக்கட்டும். காய்ச்சல் வந்தால் முன்னதாகச் சொல்லிவிட்டு அழைத்து வாருங்கள். இங்கே கூடத்தில் வேறு கைக்குழந்தைகளும் இருப்பார்கள்” என்றார் அவர்.

பின்னர் அவர் என் மகளைப் பற்றிக் கேட்டார். அவள் குழந்தையாயிருந்தபோது ஓர் ஊசிதான் போட்டிருந்தோம். “பாலூட்டும் தாய்க்கும் இவ்வூசியைப் போடலாம், கருவுற்றிருக்கும்போதுதான் போடலாகாது” என்று கூறி, மறுநாளே அவளுக்கு ஊசி போட ஏற்பாடு செய்தார். பேத்தி நோயாளியின் அருகில் இருக்க நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். “உடனே வாருங்கள். பிறர் குருதியிலிருந்து பிரித்தெடுத்த காவற்பொருளை ஆறு நாட்களுக்குள் செலுத்தினால், நோயைத் தடுக்கவோ தணிக்கவோ கூடும். காலந்தாழ்த்துவதுதான் கேடு” என்றார். ஊரில் நோய் மிகுந்து பரவினால், ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கும் கூடுதலாக ஓர் ஊசி போடுவதுண்டு என்றும் சொன்னார். 2022ஆம் ஆண்டு மும்பையில் அவ்வாறு செய்தார்கள். அது வழக்கமான இரண்டு ஊசிகளுக்கு ஈடாகாது. அவற்றையும் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும்.

வேலி சரிந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பசிபிக் கடலிலுள்ள சமோவா நாடு சான்று. அங்கே 2018ஆம் ஆண்டில், ஊசி மருந்தைக் கரைப்பதில் நேர்ந்த பிழையால் இரண்டு குழந்தைகள் இறந்தன. பிழை மருந்தில் இல்லை. கரைத்தவர் கையில் இருந்தது. ஆயினும் மக்கள் அஞ்சினர். ஊசி போடுவதும் சில காலம் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டில் ஊசி பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு ஏறக்குறைய 31 பேரே. அடுத்த ஆண்டே தட்டம்மை அத்தீவில் கால் வைத்தது. இரண்டு இலட்சம் மக்களே வாழும் அச்சிறு நாட்டில் 5,700 பேருக்கு நோய் கண்டது. 83 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். பள்ளிகள் மூடப்பட்டன. டிசம்பர் மாதத்தில் அரசு அலுவலகங்களையும் இரண்டு நாட்கள் மூடிவிட்டு, ஊழியர் வீடுவீடாகச் சென்று ஊசி போட்டனர். ஊசி போடாதவர் இருந்த வீட்டார் வாயிலில் சிவப்புத் துணி கட்டி அறிவித்தனர். அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் வாயிலில் தொங்கிய வேப்பிலை என் கண்முன் தோன்றியது. வேப்பிலை ‘வராதீர்’ என்றது; சிவப்புத் துணியோ ‘வாரீர், எங்களைக் காப்பீர்’ என்றது.

இத்தடுப்பூசி பிறந்த வரலாற்றில் உங்களைப் போன்ற ஒரு மாணவனுக்கும் பங்கு உண்டு. 1954ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்துக்கு அருகில் ஒரு பள்ளியில் தட்டம்மை பரவியது. எண்டர்ஸ் என்னும் அறிஞரோடு பணியாற்றிய பீபிள்ஸ் என்ற மருத்துவர், அங்கே நோயுற்றிருந்த பதின்மூன்று வயது மாணவன் ஒருவனிடமிருந்து சிறிது குருதி பெற்றார். அதிலிருந்து அவ்விருவரும் தட்டம்மைக் கிருமியைப் பிரித்து வளர்த்தனர். அதனையே பின்னர் வலுவிழக்கச் செய்து தடுப்பூசி ஆக்கினர். இன்று நம் நாட்டுக் குழந்தைகளுக்குப் போடும் ஊசியும் அக்கிருமியின் வழிவந்ததே. 1963ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வழக்கத்துக்கு வந்த அந்த ஊசி, நம் நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் 1985ஆம் ஆண்டில்தான் இடம்பெற்றது. என் தம்பிக்கு அது காலத்தால் வரவில்லை. அதன் பயனை நீங்கள் பெற்றிருக்கிறீர்கள்.

மாணவர்களே, இன்று உங்கள் வீட்டுக்குப் போனதும் உங்கள் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துப் பாருங்கள். இரண்டு ஊசிகளும் அதில் இல்லையாயின் பெற்றோரிடமும் செவிலியரிடமும் கூறுங்கள். காய்ச்சலும் இருமலும் உள்ள நாளில் பள்ளிக்கும் விழாவுக்கும் போகாதீர்கள். பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்திருந்தால், உடல்நலம் சரியில்லாத நாளில் அதனைப் பார்க்க ஓடாதீர்கள். அன்பு மிகுதியால் முத்தமிடவும் வேண்டா. தடிப்பும் காய்ச்சலும் கண்டால் மருத்துவரிடம் செல்லத் தயங்காதீர்கள். வைட்டமின் ஏ போன்ற எளிய மருந்தும் நல்ல கவனிப்பும் பல உயிர்களைக் காத்திருக்கின்றன. உங்களுக்காக மட்டும் நீங்கள் இவற்றைச் செய்யவில்லை. தனக்குத் தீங்கு வருவதையும் அறியாது தொட்டிலில் சிரிக்கும் ஓர் உயிருக்காகச் செய்கிறீர்கள்.

மூன்று வாரங்கள் கழிந்தன. என் பேரனுக்குக் காய்ச்சல் வரவில்லை. அதுவரை அவன் மாடியறையில் உறங்கினான். நாள்தோறும் கூடத்து வாயிலில் நின்று, தொட்டிலை நோக்கிக் கையசைத்துவிட்டுப் போவான். இருபத்திரண்டாம் நாள் மாலை, கைகளைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தான். தொட்டிலருகில் மண்டியிட்டு விரலை நீட்டினான். பேத்தி அதனைப் பற்றிக்கொண்டு சிரித்தாள்.

நான் நிமிர்ந்து விட்டத்தைப் பார்த்தேன். தொட்டிலின் பாரத்தைத் தாங்கி அந்தப் பழைய வளையம் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.